பதினொரு மிஷின்களைத் தொட்டுப் பார்த்தவர்

மீட்டிங்கில் மேனேஜர் இருந்தார். கணக்குப் பிரிவு அம்மா இருந்தார். சாப்ட்வேர் விற்க வந்த இரண்டு கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள். எங்கள் சர்வர் ரூம்காரர் ஓரத்தில் இருந்தார். நான் டீ கொடுத்தேன்.

ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் எனக்குத் துப்புரவு வேலை. சர்வர் ரூம்காரர் தெற்கத்தி ஆள், ஒல்லி. ஏசி குளிருக்குக் கழுத்தில் எப்போதும் மஃப்ளர். தினமும் காலையில் அந்த ரூமில் இருக்கிற பதினொரு கம்ப்யூட்டர் மிஷினையும் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். அவரிடம் பேசுகிற ஆள் தரை துடைக்கப் போகிற நான்தான்.

பதினொரு மிஷின் வேலையை இரண்டு மிஷினுக்குள் அடக்குகிற சாப்ட்வேர் அது. இரண்டு கம்பெனியுடையதையும் ஓட்டிப் பார்த்து, எது நல்லது என்று அன்று அவர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்தார்.

"எத சொன்ன சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டாவதைக்கா. ஒரு மிஷின் நின்னாலும் இன்னொண்ணு தானா எடுத்துக்கிடும். இங்கன ஆள் வேண்டாம். சென்னையில இருந்தே பாத்துக்கிடலாம்."

"அப்ப நீ இன்னா பண்ணுவ? மொதலாவத சொல்லிட்டுப் போறதுதான?"

"அது நின்னா நான் வந்துதான் ஓட வைக்கணும். அதுவரைக்கும் ஃபேக்டரி லைன் நிக்கும்லா. பொய் சொல்ல வரலக்கா."

அடுத்த மாதம் போய்விட்டார். போகும்போது என்னைத் தேடினாராம். எனக்கு அன்று லீவு.

இப்போதும் அந்த அறையைத் துடைக்கிறேன். உள்ளே பேச ஆள் கிடையாது. துடைத்து முடித்ததும் மிஷின்களைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

இரண்டு.