ஒரு றிவோல்வருக்கு நாலு குழல்

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு றிவோல்வர் இருந்தது. பக்கத்தில் கட்டையானதிலிருந்து நீளமானது வரைக்கும் நான்கு குழல்கள், ஒவ்வொன்றுக்கும் அளவான மேலுறை, ஒரு சின்னச் சாவி, மெல்லிய தகடு ஒன்று. ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் கிடந்தது.

"விளையாட்டுச் சாமானா?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த இடத்தில் தலையை ஆட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். தியாகலிங்கம் ஆட்டவில்லை. இது விளையாட்டுச் சாமான் இல்லை, ஜப்பானில் செய்த மாதிரியுரு, சுடாது, ஆனால் உண்மையான றிவோல்வரில் எப்படிக் குழலைக் கழற்றி மாற்றுவார்களோ அப்படியே இதிலும் மாற்றலாம் என்று விளக்கத் தொடங்கினார். அந்தப் பயணத்தில் கூட வந்த அவருடைய மனைவி மீனாம்பிகை முழங்கைக்கு மேலே ஒரு நுள்ளு நுள்ளினாள். அதிகாரி பெட்டியை மூடிக் கையில் கொடுத்து, போகச் சொன்னார்.

"அந்தாள் சிரிச்சுக்கொண்டு விடுறார். நீங்கள் பிடிக்கச் சொல்லிக் கெஞ்சுறியள்" என்று வல்வெட்டித்துறை வந்து சேரும்வரை மீனாம்பிகை புறுபுறுத்தபடியே இருந்தாள்.

தியாகலிங்கம் இளவயதில் கப்பலேறியவர். இயந்திர அறையில் எண்ணெய் துடைப்பவராகச் சேர்ந்து, இரண்டாம் எஞ்சினியராக ஓய்வு பெற்றார். பூட்டிய எதையும் கழற்றாமல் விடமாட்டார். கழற்றியதைச் சரியாகப் பூட்டாத மனிதர்களை மன்னிக்கவும் மாட்டார். கோயில் மணியின் ஆணி இறுகவில்லை என்று தர்மகர்த்தா சபையோடு கோபித்துக்கொண்டு ஒரு திருவிழா முழுக்க வீட்டில் இருந்தவர்.

அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கப்பல் முகவர் அவரைத் துப்பாக்கி சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனார். வெடிச்சத்தம் அவருக்குத் தலையிடியைத் தந்தது. புறப்படலாம் என்று எழும்பியபோதுதான் முகவர் தன்னுடைய றிவோல்வரின் முனையில் இருந்த நட்டைச் சாவியால் திருகிக் கழற்றினார். மேலுறை வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்த குழலைக் கையாலேயே திருகுமரையிலிருந்து திருப்பி எடுத்தார். அந்த இடத்தில் நீளமான வேறொரு குழலைப் பூட்டி, குண்டுகள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் இடையில் மெல்லிய தகட்டை வைத்து இடைவெளி பார்த்து, அதற்குரிய உறையைப் போட்டு நட்டை இறுக்கினார்.

"சுட்டுப் பார்க்கிறாயா?" என்று முகவர் கேட்டார்.

"வேண்டாம். இன்னொருக்கால் கழற்றிப் பார்க்கலாமா?" என்றார் தியாகலிங்கம்.

உண்மையானதை வாங்க வழியில்லை. வருடங்கள் கழித்துக் கோபே நகரத்துக் கடையொன்றில் அதே முறையில் செய்த மாதிரியுருவைக் கண்டார். குழல்களின் துளை உருக்கால் அடைத்துக் கிடந்தது. உண்மையானதோடு யாரும் குழம்பக்கூடாது என்பதற்காக மஞ்சள் பூசியிருந்தார்கள். விலை பேசாமல் வாங்கினார். யுத்தம் முடியும்வரை அது ஊருக்கு வரவில்லை. அவரோடு கப்பலுக்குக் கப்பல் மாறி, ஓய்வு பெற்றபோது அவரோடேயே வந்து அலுமாரிக்குள் புகுந்தது.

பின்னேரங்களில் வெளியே எடுப்பார். கட்டைக் குழலைக் கழற்றி நீளமானதைப் பூட்டுவார். கையில் ஏந்தி நிறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். திரும்பவும் மாற்றுவார்.

"மாத்தி மாத்திப் பூட்டி என்னத்தைக் கண்டியள்? உது சுடவும் மாட்டுது" என்பாள் மீனாம்பிகை.

"சுடுறதுக்கே இதை வைச்சிருக்கிறன்? இஞ்சை பாரும், ஒரே உடம்பு. குழலை மாத்தினால் ஆளே மாறிப்போகுது. இந்த இடைவெளியைப் பாரும். இறுகினால் உருளை சுத்தாது. கூடினால்..."

"கூடினால் கறி கருகும்" என்று அவள் குசினிக்குப் போய்விடுவாள்.

அவருக்கு உறுத்தியது அந்த மஞ்சள் நிறம். இவ்வளவு நுணுக்கமாகச் செய்த பொருள் வாழைப்பழம் போல் கிடக்கிறதே என்று மனம் ஆறவில்லை. போன வருடம் மாரிமழை விட்டதும் நிறத்தை உரித்தெடுத்துக் கறுப்பாக்கப் போவதாக அறிவித்தார்.

"மஞ்சளாய்க் கிடக்கட்டுமப்பா. ஆரும் கண்டாலும் பயமில்லை. உதைக் கறுப்பாக்கிக் கரைச்சலை விலைக்கு வாங்காதேங்கோ."

"ஆர் காணப்போகினம்?"

உரித்தார், தேய்த்தார், பூசினார், காயவிட்டுத் திரும்பவும் பூசினார். உண்மையில் வடிவாகத்தான் வந்திருந்தது. வெள்ளைத் துணி விரித்து, றிவோல்வரை நடுவில் வைத்து, குழல்களைச் சுற்றிவர அடுக்கிப் படமெடுத்தார். பிறகு, "இண்டைக்குத்தான் முழுமை பெற்றது" என்ற வரியோடு அதை வட்ஸ்அப் ஸ்டேற்றஸில் போட்டார். மீன் கொண்டுவருபவரிடமிருந்து கோயில் ஐயர் வரைக்கும் அவருடைய இலக்கம் இல்லாதவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

விடிய வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். ஜெரிசன் என்ற தமிழ்க் கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார்.

"ஐயா, நாலு துவக்கு எங்காலை வந்தது எண்டு கேக்கிறார்."

"நாலில்லைத் தம்பி. ஒண்டு. குழல்தான் நாலு."

ஜெரிசன் சொன்னார். பொறுப்பதிகாரி மேசையில் கிடந்த பெட்டியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"ஒண்டுக்கு ஏன் நாலு குழல் எண்டு கேக்கிறார்."

இந்தக் கேள்வியை இத்தனை வருடங்களில் யாரும் அக்கறையோடு கேட்டதில்லை. தியாகலிங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாவியை வாங்கி நட்டைக் கழற்றினார், உறையை இழுத்தார், குழலைத் திருகி எடுத்தார், அடுத்ததைப் பூட்டி, தகடு வைத்துப் பார்த்து, நட்டை இறுக்கி மேசையில் வைத்தார். பொறுப்பதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ஐயா, உங்களுக்கு இந்தப் பழக்கம் எங்கை வந்தது எண்டு கேக்கிறார்" என்றார் ஜெரிசன், முன்னிலும் மெதுவாக.

"வீட்டிலைதான். ஒவ்வொரு நாளும் செய்யிறனான்."

ஜெரிசன் அவரையே பார்த்தார். "இதை நான் அப்பிடியே சொல்லவோ, ஐயா?"

"ஓம், சொல்லும். உண்மைதானே."

அன்றிரவு அவர் அங்கேயே படுக்க வேண்டி வந்தது. அடுத்தநாள் நீதிமன்றம் பிணை கொடுத்தது. றிவோல்வரை, அது சுடக்கூடியதா என்று பார்த்துச் சொல்லக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நிமிர, நோர்வேயிலிருந்து மகள் நிரோஜா போன் எடுத்தாள்.

"அப்பா, நியூஸிலை வந்திருக்கிறியள். 'நான்கு துப்பாக்கிகளுடன் முதியவர் கைது' எண்டு கிடக்குது."

"நாலில்லைப் பிள்ளை!" என்று தியாகலிங்கம் கத்தினார். "ஒண்டு! ஒண்டு! குழல் நாலு!"

"அப்பா, முதியவர் எண்டதுக்குக் கோவம் வரேல்லையோ?"

போனை மீனாம்பிகையிடம் நீட்டிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் தலைகாட்டுவதே அரியண்டமாகிவிட்டது. கோயிலில் அவருக்குப் பக்கத்தில் இடம்விட்டு நின்றார்கள். வேலித் தகராறில் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுக்காரர், தானாகவே வந்து வேலியைத் தள்ளிப் போடட்டோ என்று பணிவாகக் கேட்டார். ஒருநாள் மோட்டார்சைக்கிளில் ஒருவன் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அண்ணை, ஒண்டு எடுக்கலாமோ?" என்று கேட்டான்.

"என்ன ஒண்டு?"

"உங்களிட்டை நாலு இருந்ததாம். அவங்கள் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்கள்தானே?"

தியாகலிங்கம் கையில் கிடைத்த விளக்குமாறை எடுத்தார். அவன் போனபிறகும் வாசல் படலையடியில் நின்று, "குழலடா! குழல்!" என்று றோட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார். றோட்டால் போன இரண்டு பேர் வேகமாக நடந்தார்கள்.

வழக்குக்கு எடுத்த சட்டத்தரணி பிரசாந்தி இளம் பெண். பொறுமையானவள் என்று பெயரெடுத்தவள். "ஐயா, கோட்டிலை நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன். உங்களைக் கேட்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் சொன்னாள். அறிக்கை வரவில்லை என்று ஒவ்வொரு தவணையும் தள்ளிப்போனது. மீனாம்பிகை ஒவ்வொரு முறையும் கூடவே வந்து, பின்பக்க வாங்கில் உட்கார்ந்து அவருடைய வாயைத்தான் கவனித்தாள்.

அடுத்த மாரி வந்த பிறகு அறிக்கை வந்தது. சுடாது, சுடக்கூடியதாக மாற்றவும் முடியாது என்று எழுதியிருந்தது. நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஆகவே இது ஒரு விளையாட்டுப் பொருள். அப்படித்தானே?"

"ஆம், கனம் நீதவான் அவர்களே" என்றாள் பிரசாந்தி.

"இல்லை ஐயா" என்றார் தியாகலிங்கம்.

பிரசாந்தி கண்ணை மூடினாள். பின்பக்க வாங்கிலிருந்து "ஐயோ கடவுளே" என்ற சத்தம் வந்தது. அமைதி, அமைதி என்று நீதிமன்ற முதலியார் கையைக் காட்டினார். தியாகலிங்கம் தொடர்ந்தார். விளையாட்டுப் பொருள் என்றால் பிள்ளைகளின் சாமான் ஐயா, இது அளவெடுத்துச் செய்த மாதிரியுரு, குழலுக்கும் உருளைக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி...

நீதவான் கையை உயர்த்தினார். பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும், எவரும் உண்மையானது என்று நம்பாதபடி முழுவதும் பளிச்சென்ற நிறம் பூசவேண்டும் என்றும், படமெதுவும் வெளியிடக்கூடாது என்றும் கட்டளையிட்டார். பிறகு, "உங்கள் மனைவி வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். மீனாம்பிகை எழுந்து நின்றாள். "இந்தக் கட்டளையை நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள்தானே?"

"ஓம் ஐயா. நல்லாய்க் கேட்டனான்" என்றாள் அவள்.

சான்றுப் பொருட்களின் அறையில் பெட்டியைக் கொடுத்தார்கள். அங்கேயே திறந்தார். தகட்டைக் காணவில்லை. நீளமான குழலுக்குக் கட்டையான குழலின் உறை. குழலையும் யாரோ சரித்து வைத்து, மரை பிடிக்காத இடத்தில் பலத்தைக் கொடுத்து இறுக்கியிருந்தார்கள். திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"ஆர் இதைப் பூட்டினது?" பெட்டியை எழுதுவினைஞரின் மேசையில் வைத்தார். "ஆர் எண்டு கேக்கிறன்! இப்பிடியே பூட்டுறது?"

எழுதுவினைஞர் பயந்து எழுந்து நின்றார். கைது செய்தபோதோ, ஊர் ஒதுக்கியபோதோ கண்கலங்காத மனிதர் அந்த மேசையில் கையூன்றி நின்று கண்ணைத் துடைத்தார். மீனாம்பிகை கிட்ட வந்தாள். பிறகு பெட்டியை மூடித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "வாங்கோ, வீட்டை போவம்" என்றாள்.

தெல்லிப்பழையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் மார்க்கண்டுவிடம் கொண்டுபோனார். மார்க்கண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார்.

"அண்ணை, உங்களை நியூஸிலை பாத்தனான். நாலு துவக்கு."

"நாலில்லை. கோட்டிலை விட்டிட்டினம். கடுதாசி கிடக்குது, பாரும்."

"கோட்டிலை விட்டிட்டினம், சரி. நாளைக்கு ஆரும் வந்து துவக்குத் திருத்தினது ஆரெண்டு கேட்டால்? என்ரை லேத்தையும் ஏத்திக்கொண்டு போவாங்கள். எனக்கு வேண்டாமண்ணை."

"இது துவக்கில்லை காணும்! விளையாட்டுச்..." தியாகலிங்கம் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறினார்.

வீட்டில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். சுடுதண்ணீரில் வைத்தார். ஒருவர் உடம்பைப் பிடிக்க, மற்றவர் குழலைத் திருப்பினால்தான் முடியும் என்பது தெரிந்தது. யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் வருகிற ஆளாக ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. இரண்டு நாள் தனியே மல்லுக்கட்டிக் கையைக் கிழித்துக்கொண்டார். மூன்றாம் நாள் மீனாம்பிகை தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எழுந்து, பழைய சாரத் துணியால் றிவோல்வரைச் சுற்றிக் காலிடுக்கில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

"திருப்புங்கோ. உந்த முனகலைக் கேட்டுக்கொண்டு என்னாலை சமைக்க ஏலாது."

கீச்சென்ற சத்தத்தோடு குழல் விட்டது. நீளமான அந்தக் குழலின் மரை முழுவதும் வழித்துக்கொண்டு போயிருந்தது. அது இனி உதவாது. உடம்பின் பக்கத்து மரை காயத்தோடு தப்பியிருந்தது.

"மிச்சம் மூண்டு கிடக்குதுதானே. மூண்டு காணும்" என்றாள்.

"மூண்டு காணுமோ? நாலு இருந்ததப்பா!"

"இவ்வளவு நாளும் நாலில்லை, நாலில்லை எண்டு ஊரெல்லாம் கத்தினது நீங்கள்தானே?"

அவர் கோபத்தில் அலுமாரியை இழுத்துத் திறந்து அரத்தைத் தேடினார்.

மரையைச் சின்ன அரத்தால் ஒவ்வொரு பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்தார். கட்டளைப்படி நிறம் பூச, கடையில் பளிச்சென்று இருந்தது வள்ளங்களுக்கு அடிக்கும் செம்மஞ்சள் பெயின்ற் மட்டும்தான். அதைப் பூசும்போது அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. காய்ந்தபிறகு கட்டைக் குழலை எடுத்தார். தகடு இல்லாதபடியால், மாத்திரை வரும் வெள்ளித்தாளை வெட்டி இரண்டாய் மடித்து இடைவெளியில் வைத்துப் பார்த்து எடுத்தார். உறையைப் போட்டு, நட்டை இறுக்கி, உருளையைச் சுழற்றினார். அது எங்கும் உரசாமல் சுழன்று நின்றது.

குசினியிலிருந்து குரல் வந்தது. "சரி வந்திட்டுதோ?"

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அதைப்பற்றி அக்கறையோடு கேட்ட முதல் கேள்வி அது. அவர் இன்னொருமுறை சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார்.

"ஓம். எண்டாலும் இந்த நட்டடியிலை பெயின்ற் உரிஞ்சு போட்டுது. தொட்டால் உரியிற பெயின்றை விக்கிறாங்கள் பாரும். இதெல்லாம் ஒரு பெயின்றே?"

"சோறு ஆறுது. வாங்கோ."

"ஒரு நிமிசம். நடுக் குழலையும் ஒருக்கால் போட்டுப் பாத்திட்டு வாறன்."

"உங்கடை ஒரு நிமிசம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மீனாம்பிகை அவருடைய சோற்றுக் கோப்பையை மூடி வைத்தாள். தனக்குப் போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.