ஃபாலோ போடாத ரெட்

என் தங்கச்சி தைப்பதெல்லாம் பள்ளிக்கூட யூனிஃபார்ம். தெருப்பிள்ளைகள் பாதிப்பேர் அவள் மடிப்பு வைத்த பாவாடையில்தான் போகிறார்கள். அவள் பெற்ற பெண்ணுக்கு மட்டும் ரொம்ப நாள் யூனிஃபார்ம் கிடையாது.

அந்தப் பெண்ணுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். பின்பெஞ்சு மொத்தமும் அதே மாதிரி திக்கிக் காட்டும். ஒருநாள் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவந்தது. தங்கச்சி மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பதிவேட்டில் பேரை அடித்துவிட்டு வந்தாள். "என் பிள்ளைக்கு நானே வாத்தியார்" என்றாள். அவள் படிப்பு எட்டாவதோடு சரி. நான் அதற்கும் கீழே, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

புருஷன் வேலைக்கென்று போன இடத்தில் வேறு குடித்தனம் போட்டுவிட்டான். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், நடுவில் கேரம் போர்டு. என் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பரப்பி வைத்திருந்த போர்டுதான். கிரீஸைத் துடைத்துக் கொண்டுபோய்விட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் தையல் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் ஆடி, ஆம்பிளைகளை அழவிட்டவள்.

கணக்குப் பாடம் முழுக்க அதில்தான். கறுப்பு பத்து, வெள்ளை இருபது என்று கூட்டல், கழித்தல், பின்னம். அப்புறம் கோணம். தையல் சாக்பீஸால் பலகையில் கோடு போட்டு, "காய் எந்தச் சாய்வுல மோதுதோ அதே சாய்வுலதான் திரும்பும். எங்க போகும், காட்டு" என்பாள். பெண் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் விடை குழிக்குள் விழும்.

நான் படியேறும்போது மிஷின் சத்தம் கேட்கும், இல்லையென்றால் காய் சத்தம். மனுஷப் பேச்சு கேட்காது. நாலு பேர் ஆடும் போர்டில் இரண்டு பக்கம் எப்போதும் காலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"மா... மாமா, நான் ஸ்... ஸ்கூலுக்குப் போகணும். அம்மாகிட்ட சொல்லுங்க."

"மறுபடி சிரிப்பாங்களேடி?"

"சி... சிரிக்கட்டும். இங்க எனக்குப் பே... பேச ஆளே இல்ல."

மிஷின் நின்றது. தங்கச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப நான் ஆளு இல்லையா?"

பெண் தலை குனிந்துகொண்டது.

"சரி, உட்காரு. என்னை ஜெயிச்சா போ. தோத்தா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்."

"பெத்த பிள்ளைகிட்ட பந்தயமா? வெட்கமா இல்ல?" என்றேன்.

"அண்ணே, நீ போய் உன் நட்டு போல்ட்டைப் பாரு."

நான் போகவில்லை. தைத்த துணிகளை ஒதுக்கிவிட்டுக் காலிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஈவு இரக்கமில்லாமல் ஆடினாள். பெண்ணும் விடவில்லை. கடைசியில் அவளுக்கு ஒரு கறுப்பு, பெண்ணுக்கு ஒரு வெள்ளை, நடுவில் ரெட். பெண் ரெட்டைப் போட்டுவிட்டது. அடுத்த அடியிலேயே தன் காயைப் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. போடாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். வெள்ளை குழிவாயில் உட்கார்ந்திருந்தது. ஊதினால் விழும்.

பெண் குறி பார்த்தது. நிமிர்ந்து அம்மா முகத்தை ஒருதரம் பார்த்தது. சுண்டியது. ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் கட்டையில் இடித்துத் திரும்பியது.

"அடச்சே!" என்றேன்.

தங்கச்சி அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் அல்லவா.

"எதுக்குடி தப்பா அடிச்ச?"

"கை ந... நழுவிடுச்சு."

"என்கிட்டயேவா?"

பெண் ஸ்ட்ரைக்கரை அம்மா பக்கம் தள்ளியது. பிறகு, "நா... நான் போயிட்டா நீ யார்கூட ஆடுவ?" என்றது.

தங்கச்சி குழியிலிருந்து ரெட்டை எடுத்தாள். நடுவில் வைக்கவில்லை. பெண்ணின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். தன் ஸ்ட்ரைக்கரால் வெள்ளையைக் குழிக்குள் தட்டிவிட்டாள்.

"ஃபாலோ நான் போட்டுட்டேன். நீ போ."

"எதிராளி ஃபாலோ போடறது எந்த ஊரு ஆட்டம்?"

"அண்ணே, வாயை மூடிட்டு அந்த இஞ்ச் டேப்பை எடு."

பெண்ணை நிற்க வைத்து அளவெடுத்தாள். தோளில் டேப்பை வைத்தவள், "எப்படி இப்படி வளர்ந்த?" என்று முணுமுணுத்தாள்.

இப்போது பெண் பள்ளிக்கூடம் போகிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். கூட உட்கார ஒருத்தி கிடைத்திருக்கிறாள்.

வேலை இல்லாத மத்தியானங்களில் நான் மாடிக்குப் போவேன். "உன்கூட ஆடறதுக்குச் சுவரோட ஆடலாம்" என்று என்னை எழுப்பிவிடுவாள். பிறகு தானே ஒரு பக்கம் அடித்து, எழுந்துபோய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அடிப்பாள். நேற்று ரெட்டைப் போட்டாள். வெள்ளை குழிவாயில் இருந்தது. ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு, போர்டின் மேல் ஒரு துணியை விரித்து மூடினாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"ஃபாலோ அவ வந்து போடட்டும்."

போய் மிஷினில் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை.