ராசையா சொன்னதும் நான் எழுதாததும்

1. அடுப்பங்கரைக்கு வந்த பாறை

காதர் பாய் போன் செய்தபோது காலை ஆறரை மணி. போர்ட் பிளேரில் நான்கு நாளாக மழை விடவில்லை. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர், எங்கள் கம்பெனியின் கிளையன்ட். எப்போது பேசினாலும் வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று யாரையும் விசாரிக்கவில்லை.

"மேடம், பாறை இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்தீங்கல்ல. அந்தப் பாறை இப்ப எங்க அடுப்பங்கரையில கெடக்கு. வந்து பாருங்க."

வண்டூர் போகும் ரோட்டில், ஒரு மேட்டுச் சரிவில் அவர் புது வீடு கட்டியிருந்தார். சரிவை இரண்டு படியாக வெட்டி, வீடு கீழ்ப்படியில். மேல்படியில் வண்டி வரும் பாதை. அந்தப் பாதையைத் தாங்க ஒரு ரிட்டெய்னிங் வால். அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் மூன்று மீட்டர் ஆழத்தில் பாறைமேல் உட்கார்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

போய்ப் பார்த்தால் சுவரில் பாதி இல்லை. செம்மண் குழம்பாக வழிந்து, பின்பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போயிருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கல். நன்றாக உருண்ட கல். எந்தக் கல்லூரியில் படித்தவரும் அதைப் பாறைப் படுகை என்று சொல்லமாட்டார்.

"எங்க உம்மா சுபுஹு தொழுதுட்டு நேரா இங்கதான் வருவாங்க, டீ போட. இன்னைக்கு தஸ்பீஹ் ஓதிக்கிட்டு அஞ்சு நிமிசம் கூட உக்காந்துட்டாங்க." காதர் பாய் சத்தம் போடாமல்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2. நான்கு பேர், மூன்று போட்டோ

எங்கள் ஆபீஸ் மரைன் ஹில்லில், ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. மண்ணைத் தோண்டிப் பார்த்து, எவ்வளவு பாரம் தாங்கும், சரியுமா சரியாதா என்று கட்டுகிறவர்களுக்குச் சொல்வதுதான் வேலை. டைரக்டர் சென்னையில் இருப்பார், மாதம் ஒருமுறை விமானத்தில் வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போவார். இங்கே நாங்கள் நான்கு பேர்.

நான் விருதுநகர்க்காரி, சாயில் மெக்கானிக்ஸில் எம்.இ. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் கப்பல் ஏறியவள். ஜியாலஜிஸ்ட் பிஸ்வாஸ், டிக்லிபூர் பெங்காலி. லேபில் அப்பாராவ், விசாகப்பட்டினத்து மீனவக் குடும்பம். களிமண்ணைக் கையில் உருட்டியே அதன் ஈரம் எத்தனை சதவீதம் என்று சொல்வார், மெஷின் அப்புறம்தான் அதை ஒத்துக்கொள்ளும். நாலாவது ஆள் ட்ரில்லர் ராசையா.

ராசையாவின் பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். பிறந்தது தோட்டத்து லைன் வீட்டில், லயத்தில். எட்டாவதோடு படிப்பு நின்றது. தோட்டத்துக்குக் கிணறு வெட்டியிருக்கிறார். சுனாமியில் எல்லாம் போனபின் போர்ட் பிளேருக்கு வந்து, எங்கள் துளை போடும் ரிக்கில் கயிறு இழுக்கச் சேர்ந்தார். இரண்டே வருடத்தில் ரிக்கே அவர் கைக்கு வந்துவிட்டது.

அவருடைய வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துளைக்குள் இரும்பு ராடை இறக்கி, மேலே அறுபத்துமூன்றரை கிலோ சுத்தியலை எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு விட்டு அடிப்போம். முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்பதுதான் 'N' வேல்யூ, மண் எவ்வளவு கெட்டி என்பதன் கணக்கு. ஐம்பது அடித்தும் இறங்காவிட்டால் ரெஃப்யூசல். நாங்கள் எல்லோரும் அடியை எண்ணுவோம். ராசையா எண்ணிக்கொண்டே ராடின் மேல் உள்ளங்கையை வைத்திருப்பார். துளையிலிருந்து திரும்பி வரும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

டெண்டருக்குப் போகும் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் பக்கம் எங்கள் குழுவின் அனுபவமும் பின்னணியும். அதைத் தயாரிப்பவள் நான்தான். என் போட்டோ, பிஸ்வாஸ் போட்டோ, அப்பாராவ் போட்டோ. ஒருமுறை அப்பாராவ் அதைப் புரட்டிவிட்டு, "மேடம், ராசையா கஹாங் ஹை? ஃபோட்டோல கூட ஆள் மண்ணுக்குள்ள போயிட்டாரா?" என்று கேட்டார். டிகிரி என்ற கட்டத்தில் எதைப் போடுவது என்று நான் திருப்பிக் கேட்டேன். ராசையா பக்கத்தில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் யாருடைய குடியும் முழுகியிருக்காது.

3. மூன்றாவது போர்ஹோல்

காதர் பாயின் மனையில் மூன்று துளை போட்டோம். முதல் இரண்டிலும் ரெஃப்யூசல் வந்ததும் டைமண்ட் பிட் போட்டு மூன்று மீட்டருக்குக் கல்லையே உருளையாக அறுத்து, கோர் எடுத்தோம். நல்ல மணற்பாறை. மேல்படியில் மூன்றாவது துளை. அங்கேயும் மூன்று மீட்டரில் சுத்தியல் எகிறியது. ஆனால் அதற்குள் பிட் தேய்ந்துவிட்டது. புது பிட் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும், கப்பல் கடல் சரியில்லாமல் கிளம்பவில்லை.

ராசையா ராடைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "மேடம், இது பாறை இல்லீங்க. பாறைன்னா அடிக்கிறப்ப ராடு ஊமையா நிக்கும். இது பக்கவாட்டுல கிடுகிடுங்குது. மண்ணுக்குள்ள தனியா ஒரு கல்லு உக்காந்திருக்குங்க."

"முதல் ரெண்டு துளையிலயும் இதே ஆழத்துலதானே பாறை வந்துது?"

"அது கீழ்ப்படிங்க. இங்க தண்ணி இன்னும் செம்மண்ணு கலந்து செவப்பாத்தான் வருது, பாருங்க. ஜல்தி பண்ணாதீங்க மேடம். பிட்டு வரட்டும், தொளைச்சுப் பாத்துரலாம்."

நான் ஃபீல்ட் ஷீட்டில் பென்சிலால் அதை எழுதிக்கொண்டேன். ரிமார்க்ஸ் கட்டத்தில், ட்ரில்லர் இதைத் தனிக்கல் என்கிறார், கோர் எடுத்தபின் முடிவு செய்யவும் என்று. அது என் கையெழுத்து. ராசையாவுக்கு இங்கிலீஷ் எழுத வராது, அதனால் அவர் சொல்லச் சொல்ல எழுதுவது என் வழக்கம்.

பிஸ்வாஸ் லீவில் ஊருக்குப் போயிருந்தார். காதர் பாய் மழைக்கு முன் சுவரை முடித்துவிட வேண்டும் என்று தினமும் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். டைரக்டர் போனில், "பிட்டுக்காக ஒரு ரிப்போர்ட் நிக்குமா வசந்தா? வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க" என்றார். ஆனால் அவர்கள்மேல் பழியைப் போட்டுத் தப்ப முடியாது. உண்மையான காரணம் வேறு. மூன்று துளைகளையும் வைத்துச் சரிவின் குறுக்குவெட்டுப் படம் வரைந்தேன். பாறையின் கோடு சரிவோடு சேர்ந்து ஒழுங்காக ஏறியது. அத்தனை ஒழுங்கான கோடு எங்கள் தொழிலில் அபூர்வம். எனக்கு அது பிடித்துவிட்டது. கோட்டை நம்பினேன், ராசையாவின் கையை நம்பவில்லை. ஃபேர் காப்பி எழுதும்போது ரிமார்க்ஸ் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

4. மரைன் ஹில் மீட்டிங்

சுவர் விழுந்த அடுத்த வாரம் டைரக்டர் வந்தார். காதர் பாய், அவர் கூட்டிவந்த வேறொரு இன்ஜினியர், நான், டைரக்டர். ராசையாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு நாற்காலி போடவில்லை, கதவருகே நின்றார்.

"கோர் எடுக்காம யாரு இதைப் பாறைன்னு சொன்னது?" என்று அந்த இன்ஜினியர் கேட்டார்.

டைரக்டர் எங்கள் போட்டோக்கள் இருந்த முதல் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். "இதுதான் சார் எங்க டீம். எல்லாரும் குவாலிஃபைட். சைட்ல ட்ரில்லர் சொல்றதை வச்சுத்தான் இவங்க எழுதுறாங்க. ட்ரில்லர் எங்க டீம்ல இல்ல, கான்ட்ராக்ட் ஆள். படிப்பும் கெடையாது."

நான் தயாரித்த பக்கம் அது. பெயர் இல்லாத ஆளின் தலையில் எதையும் கட்டலாம் என்பது அதைத் தயாரித்தபோது எனக்குத் தோன்றவில்லை.

காதர் பாய் ராசையாவைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்ப்பா, உனக்குத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிருக்கலாம்ல? எங்க உம்மா செத்திருப்பாங்கப்பா."

ராசையா என்னைப் பார்த்து, "மேடம் சொல்லட்டுங்க" என்றார்.

அறையில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஃபீல்ட் ஷீட் என் மேசையின் இரண்டாவது டிராயரில் இருந்தது. எழுந்து எடுக்கப் பத்து அடி நடக்க வேண்டும். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. தீவு சின்னது. ஒரு ரிப்போர்ட்டில் பேர் கெட்டால் அப்புறம் யாரும் என் கையெழுத்தை வாங்கமாட்டார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது.

"ஃபீல்ட் ஷீட்டைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன்.

ராசையா என் மேசை டிராயரைப் பார்த்தார். ஷீட் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. யாரும் என்னைப் பார்த்து ஷீட்டை எடுத்து வா என்று சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.

அன்றோடு அவர் வேலை போயிற்று. கல்லைப் பாறை என்று சொன்ன ட்ரில்லர் என்று ஊர் முழுக்கப் பேர் பரவி, வேறு யாரும் ரிக்கில் ஏற்றவில்லை. மழை முடிவதற்குள் குடும்பத்தோடு தெற்குக் கடைசித் தீவில் இருக்கும் கேம்பல் பேவுக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்று அப்பாராவ் வந்து சொன்னார். சொன்னபின் என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதை நிறுத்திக்கொண்டார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் ராசையாவின் கையைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

5. கேம்பல் பே

ரிட்டயர் ஆனபின் அந்த ஃபீல்ட் ஷீட்டைக் காப்பி எடுத்து, ட்ரில்லர் சரியாகச் சொன்னார், மறைத்தது நான் என்று கடிதம் எழுதி, காதர் பாய்க்கும் டைரக்டருக்கும் கொடுத்தேன். டைரக்டரிடமிருந்து பதில் இல்லை. காதர் பாய் கடையில் நின்றபடியே முழுவதும் படித்தார். "அந்த மனுசனை நான் அன்னைக்கு அப்படிக் கேட்டுட்டேனே மேடம்" என்றார். எனக்கு ஒரு டீ சொன்னார், என்னால் குடிக்க முடியவில்லை.

பிறகு கேம்பல் பேவுக்குக் கப்பல் ஏறினேன். இரண்டு நாள் பயணம். ராசையாவின் மச்சான் அங்கே ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன் வீட்டுத் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். அந்தத் தோப்பில்தான் ராசையாவும் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டு, "வாங்க மேடம்" என்றார். மனைவியைக் கூப்பிட்டு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

உட்காராமலே சொல்லிமுடித்தேன். கடிதத்தின் காப்பியைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன், அழுதும்விட்டேன். அவர் இங்கிலீஷ் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்தார்.

"இத எப்ப குடுத்தீங்க மேடம்?"

"போன மாசம்."

"சர்வீஸ் எப்ப முடிஞ்சுது?"

"அதுக்கு முந்தின மாசம்."

அவர் தலையை ஆட்டினார். கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். கோபமாக இல்லை, கடையில் மீதிச் சில்லறை கொடுப்பவர்போல.

"சரிங்க. கப்பல் ரெண்டு மணிக்கு விட்டுருவான். வெயிலு ஏறுறதுக்குள்ள ஜெட்டிக்குப் போயிருங்க."

அவர் மனைவி நாற்காலியைக் கொண்டுவந்தபோது நான் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ரெஃப்யூசல் வந்தால் கோர் எடுக்காமல் பாறை என்று எழுதாதீர்கள். அதை உங்கள் வாத்தியாரே சொல்லியிருப்பார். கூட வேலை செய்கிறவரின் கை என்ன சொல்கிறதோ அதை ரிமார்க்ஸ் கட்டத்தில் போடுங்கள், அவர் பேரோடு. தப்புச் செய்துவிட்டால், அதைச் சொல்வதால் உங்களுக்கு ஏதாவது போகும் என்று இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். எதுவும் போகாது என்று ஆனபிறகு நான் சொன்னேன். அதை ராசையா இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்.