தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள்

என் சித்தப்பா லிப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கையெல்லாம் கிரீஸ். ஞாயிற்றுக்கிழமை சபையின் மாடி அறையில் இளைஞர்களுக்குப் பிரசங்கம். லிப்டைச் சரிசெய்வதைவிட எங்களை உட்காரவைப்பதுதான் கஷ்டம் என்பார்.

பாட்டு முடியும்வரை அறை நிறைந்திருக்கும். அவர் வேதப்புத்தகத்தைத் திறந்ததும் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். குழாய் பின்படிக்கட்டின் அடியில் இருக்கிறது. கடைசி ஜெபத்தின்போதுதான் எங்கள் தாகம் தீரும்.

போன வாரம் சபை மூப்பர் சொல்லிவிட்டார்: "வர்ற ஞாயிறும் நாற்காலி காலியா இருந்தா மாடி ஆராதனையை நிறுத்திடுவோம். பசங்க கீழ பெரியவங்களோட உட்காரட்டும்." எங்களுக்கென்று இருப்பது அந்த ஓர் அறைதான்.

சித்தப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனைப் பார்த்துப் பார்த்து எங்கள் பேச்சைப் பழகினார். ஞாயிறன்று எழுந்து நின்று, "மச்சீஸ், பேதுரு செம மாஸ்!" என்றார். யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். எனக்கு நான் வாசிக்கும் டிரம்ஸுக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. பின்வரிசை எழுந்தது.

சித்தப்பா புத்தகத்தை மூடினார். "எனக்கும் தொண்டை வறண்டுபோச்சு. வாங்க, போலாம்." எங்களுக்கு முன்னால் படியிறங்கினார்.

இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். நாங்களும் மேல்படிகளில் நெருக்கி உட்கார்ந்தோம். "வாராவாரம் இங்க என்னதான்டா பேசுவீங்க?"

கீபோர்டு வாசிக்கும் அக்காதான் பேசினாள். "எங்கம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்போ அவ்ளோ ஜெபம் பண்ணேன் அங்கிள். அம்மா போயிட்டாங்க. மேல உட்கார்ந்தா ஆண்டவரைத் திட்டணும்போல வருது. அதான் இறங்கிடுறேன்."

இதோ உபதேசம் ஆரம்பிக்கப்போகிறது என்று எனக்குப் பதற்றமாக இருந்தது.

"திட்டும்மா" என்றார் சித்தப்பா. "லிப்டுல மாட்டினவங்க என்னைத் திட்டாத நாளே இல்ல. சத்தம் போடுறவங்களைப் பத்திப் பயமில்ல. சத்தமே வரலன்னாதான் பயம். புயல்ல படகு ஆடுது, இயேசு தூங்குறார். 'நாங்க சாகப்போறோம், உங்களுக்குக் கவலையே இல்லையா'ன்னு சீஷருங்க கத்துறாங்க. அதுக்காக ஒருத்தரையும் அவர் படகுலேர்ந்து இறக்கிவிடல."

"புயல் நின்னுடுச்சு. எங்கம்மா பிழைக்கலையே?"

சித்தப்பா கழுத்தைத் தடவிக்கொண்டார். "தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி பேச வாய் வரல."

என் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான் எழவில்லை, யாருமே எழவில்லை.

முன்பக்கப் படி வழியாக மாடிக்குப் போன மூப்பர், காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று எங்கள் பக்கம் இறங்கி வந்தார். கையில் சாவி. "பிரசங்கம் அவ்ளோதானா? ரூமைப் பூட்டிடட்டுமா?"

"பாதிதான் ஆயிருக்கு, ஐயா. டேய், தள்ளி உட்காருங்க, ஐயாவுக்கு வழி விடுங்க."

கால் வைக்க இடமில்லாமல் மூப்பர் நின்றார். அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க ஐயா. அவ்ளோ ஜெபம் பண்ணியும் எங்கம்மா ஏன் போயிட்டாங்கன்னு உங்களுக்காவது தெரியுமா?"

மூப்பர் எங்களை ஒருமுறை பார்த்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.