ஒன்பதாவது கல்லுக்கு அருகே இருந்த வழி

எனக்குச் சந்தேக புத்தி. பால்காரர் ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், அளவுக் குவளையைத்தான் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடினால் என் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். எண்பதுகளின் கடைசியில் வாரப் பத்திரிகைக்கு மர்மத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இந்தக் குணம் சோறு போடவும் செய்தது.

ஞாயிறு காலைகளில் சேலையூர் தாண்டியிருந்த காப்புக்காட்டில் நடப்பேன். காடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காரைமுள், ஈச்சம்புதர், கொஞ்சம் தைலமரம், நடுவே தண்ணீர் தேங்கிய கல்குவாரிப் பள்ளம், அவ்வளவுதான். அதைத்தான் என் கதைகளில் மலை, அருவி, பள்ளத்தாக்கு என்று ஊதிப் பெருக்கினேன். அந்தப் பள்ளத்தில் மட்டும் நாலு பேரைத் தள்ளிக் கொன்றிருக்கிறேன்.

அங்கே ஒரு பெண்ணை அடிக்கடி பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், இடுப்பில் அரிவாள். நான் நின்றால் அவளும் நிற்பாள். நோட்டை எடுத்து எதையாவது குறித்தால் புதருக்குள் மறைவாள். சாராயம் காய்ச்சுகிறவர்களுக்கு வேவு பார்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அவளே நேராக வந்தாள்.

“இன்னா சார், வாரா வாரம் வந்து எழுதிக்கினு போற? ஃபாரஸ்ட் கார்டு அனுப்சானா?”

“எந்த கார்டையும் எனக்குத் தெரியாதும்மா. நான் கதை எழுதறவன்.”

“கேஸ் எழுதுறவனத் தெரியும். கதை எழுத இங்க இன்னாத்துக்கு வர்ற? வூட்ல குந்திக்கினு எழுத வேண்டியதுதானே?”

என் மனைவி கேட்பதும் இதையேதான்.

அந்தப் பெண் வெட்டியது விறகு. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து இட்லிக் கடைக்குத் தினம் ஒரு கட்டு போட்டால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். வனத்துறை கார்டிடம் மாட்டினால் அரிவாளும் போய்விடும், பிழைப்பும் போய்விடும். இதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. அவளும் மெல்ல என்னை நம்பத் தொடங்கியிருந்தாள். “அந்தாண்ட போவாத, பாம்பு கீது” என்று எச்சரிக்கும் அளவுக்கு.

ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. இடிந்த பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனாள். காட்டைச் சுற்றிய கம்பி வேலியில், ஷெட்டிலிருந்து ஒன்பதாவது கல்தூணுக்குப் பக்கத்தில் கதவு மாதிரி சாத்தியிருந்த முள் படலை இழுத்தாள். வெளியே பஸ் ரோடு! நான் வந்ததும் படலை இருந்தபடியே வைத்தாள்.

“யார்கிட்டயும் சொல்லாத சார்.”

“சேச்சே, நான் ஏன் சொல்லப்போறேன்?”

சொல்லவில்லைதான். எழுதினேன். என் காடெல்லாம் காலண்டர் படம் மாதிரி இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த அத்தியாயத்தில் இடிந்த பம்ப் ஷெட், ஒன்பதாவது கல், முள் படல், எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி வைத்தேன். கதாநாயகன் அதன் வழியாகத் தப்பித்தான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு எனக்கு.

அது அச்சில் வந்த மறுவாரம் போனபோது படல் இல்லை. புது முள்கம்பி இறுக்கி முறுக்கப்பட்டிருந்தது. அவளேதான் யாரிடமோ உளறியிருப்பாள் என்று முதலில் நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்தார். அவர்தான் கார்டு. என் முகத்தை உற்றுப் பார்த்தவர், சட்டென்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சார், தொடர்கதை எழுதுறது நீங்கதானே? போட்டோ பாத்தேன்! எங்க வூட்ல சத்தமா படிச்சாங்க. பம்ப் ஷெட்டு, ஒம்பதாவது கல்லு... அட, நம்ம காடாச்சேன்னு வந்து பாத்தா அப்படியே கீது சார்! ரெண்டு வருஷமா இந்த வழியத்தான் தேடிக்கினு இருந்தேன். அன்னிக்கே ஒரு பொம்பளைய அரிவாளோட புடிச்சிட்டேன்.”

அவர் என் கையை விடுவதாக இல்லை.

“வேற வழி எதனா கீதா சார்? அடுத்த வாரம் வருமா?”

கம்பிக்கு அந்தப் பக்கம், ரோட்டோரத்தில், அவள் நின்றிருந்தாள். இடுப்பில் அரிவாள் இல்லை. எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை உருவப் பார்த்தேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் சொல்லலைம்மா என்று கத்தியிருக்கலாம். எந்த முகத்தோடு கத்துவது?

“நல்லா இருங்க சார்” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அதுவரை என்னை அவள் ‘வா, போ’ என்றுதான் பேசியிருந்தாள்.