கண்ணாடி போட்டுப் பொறுக்கிய ஏலக்காய்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் எனக்கு வேலை. வெடித்த காயெல்லாம் உன் கண்ணுக்குத் தப்புகிறது, கண்ணாடி போடாவிட்டால் வேலைக்கு வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். போட்டேன். கண் டாக்டர், அந்த மகாராசன் கொடுத்த வரம், ஒவ்வொரு காயிலும் பூச்சி சுரண்டிய தழும்பு பளிச்சென்று தெரிந்தது. மத்தியானத்துக்குள் பாதி மூட்டையைக் கழிவில் தள்ளினேன்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏத்தா, அம்புட்டும் மொதத் தரம்! கண்ணு தெரியலையா?"

"இப்பத்தாண்ணே தெரியுது. எல்லாம் சொறி."

"வாங்குறவன் அவ்வளவு கிட்டக்கப் பாக்க மாட்டான். வெடிச்சத மட்டும் பொறுக்கு. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

வேலை வேண்டுமே. வெடித்த காய் ஒன்றுகூட இப்போது என்னிடம் தப்புவதில்லை. தழும்பு வந்தால் மட்டும் கண்ணாடியோடு குருடியாகிவிடுகிறேன்.