மச்சான் எழுத மறுத்த பெயர்

ஒர்க்‌ஷாப்பில் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு அவரே ஒரு நாள் சாட்சி சொல்லும்படி ஆகிவிட்டது.

பைக் ஒன்றைக் கழற்றி மாட்டி முடித்த பிறகு தரையில் ஒரு நட்டு மிச்சம் கிடந்தது. கூட வேலை பார்த்த மச்சான், மனைவியின் தம்பி, அதைக் கையில் எடுத்து, “மாமா, இது வண்டியில கழண்டதா, உங்க தலையில கழண்டதா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கையிலிருந்த ஸ்பேனரை வீசினார் மாமா. மச்சானின் இடது கண்ணில் போய் விழுந்தது.

முதல் குற்றம் என்பதால் ஜெயில் இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு. மாதாமாதம் பாதிக்கப்பட்டோர் நிவாரண நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். மச்சானைப் பார்க்கவோ பேசவோ கூடாது. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட இருவரைப் பிரித்து, நடுவில் ஒரு கவுண்டரைப் போட்டு உட்கார்ந்துகொண்டது சட்டம்.

கட்டுகிற பணம் நேராக மச்சான் கைக்குப் போகிறது என்றே ஸ்பேனர் நம்பினார். அதனால் ரசீது வாங்கும்போதெல்லாம், “கண்ணு இப்ப எப்படி இருக்காம்?” என்று விசாரிப்பார்.

“இது கண்ணாஸ்பத்திரி இல்லீங்க. நகருங்க” என்பார் கவுண்டர்காரர்.

ஒரு நாள் மனைவி பதறிக்கொண்டு வந்தாள். அடிபட்ட கண்ணில் விழித்திரை விலகுகிறதாம். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடுமாம். ஸ்பேனர் கவுண்டருக்கு ஓடினார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது: எல்லோரும் கட்டுவது ஒரே பொது நிதிக்கு. அடிபட்டவர் மனு போட்டால்தான் கிடைக்கும். மச்சான் மனுவே போடவில்லை.

மனைவி போய்த் தம்பியிடம் கேட்டுவிட்டு வந்தாள். “குற்றவாளி யாருன்னு மனுவுல ஒரு இடம் இருக்காம். அதுல உங்க பேரை எழுத மாட்டானாம். கோர்ட்டுல ஒரு தடவை சொன்னதுக்கே இன்னும் தூக்கம் வரலையாம்.”

“கிறுக்கனா அவன்?”

“உங்ககிட்டதானே தொழில் கத்துக்கிட்டான்.”

அவள் அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். நாட்கள்தான் போயின. கடைசியில் ஸ்பேனரே போய்க் கதவைத் தட்டினார்.

திறந்தவன் முதலில் தெருவை எட்டிப் பார்த்தான். “யாராவது பாத்தா உங்களை உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க மாமா. போயிடுங்க.”

“எழுதுடா, போயிடுறேன்.”

“அக்காவுக்கு யாரு சோறு போடுறது?”

“இப்ப உங்க அக்காதான் எனக்குப் போடுறா. எழுது.”

மச்சான் உட்கார்ந்து எழுதினான். அந்த இடம் வந்ததும் பேனா நின்றது. முன்பின் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல, ஸ்பேனர் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

அரசாங்கத்தை நாம் என்னவெல்லாம் திட்டுகிறோம்! ஒரே வாரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. கண்தான் காத்திருக்கவில்லை. “முன்னாடியே வந்திருக்கணும்” என்று டாக்டர் ஃபைலை மூடினார். செய்யாத ஆபரேஷனுக்குப் பணம் தர விதியில்லை என்று நிதியும் ஒதுங்கிக்கொண்டது.

தவணை மட்டும் நிற்கவில்லை. அடுத்த மாதமும் ஸ்பேனர் போய்க் கட்டினார். கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

“இது இப்ப யாருக்குப் போகும் சார்?”

“யாரோ ஒருத்தருக்குப் போகும்.”

“அவராவது நேரத்தோட எழுதிக் குடுத்துட்டாரா?”

கவுண்டர்காரர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவர் நகரச் சொல்லவில்லை.